சிறு துவார ரைபிள்: பயிர்க் காவலுக்கா, குறிப் பயிற்சிக்கா?

மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப்பன்றியால் விளையும் சேதம் குடியானவர் யாவரும் அறிந்ததே. நிலக்கடலையும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டோர் இரவெல்லாம் கண்விழித்துக் காத்தும், பொழுது விடிகையில் கொல்லை உழுது போட்டாற்போல் கிடக்கக் காண்கின்றனர். இதனால் மனம் நொந்த நிலச்சொந்தக்காரர் சிலர், .22 ரைபிள் ஒன்று வாங்கினால் பயிருக்குக் காவலும் ஆயிற்று, பிள்ளைகள் குறி பழகுவதற்கும் ஆயிற்று என்று கருதுகின்றனர். இக்கருத்தில் பிற்பாதி சரியானது. முற்பாதி தவறானது மட்டுமன்று, உயிருக்கும் அபாயமானது.

இவ்வெண்ணம் பிறதேச வழக்கத்தினின்று வந்தது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முதலிய நாடுகளில் முயல்கள் மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குவன. அங்குள்ள பண்ணைக்காரர் அவற்றைச் சுடுவதற்கு .22 ரைபிளைக் கையாளுகின்றனர். 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘.22 லாங் ரைபிள்’ தோட்டாவின் குண்டு, சாதாரணமாக 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயத்துண்டு. முயலுக்கு அது போதும். நூறு கிலோ எடையை எட்டும் ஆண்பன்றிக்கு அது போதாது. அடிபட்ட பன்றி விழாமல் ஓடிப் புதரில் பதுங்கும்; மறுநாள் அவ்வழியே புல்லறுக்கச் செல்பவரைத் தாக்கவும் கூடும்.

மேலும், குண்டு சிறிதாயினும் அது செல்லும் தூரம் சிறிதன்று. மேல்நோக்கிச் சுட்ட குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. நீர் நின்ற நெல்வயலிலோ, கட்டாந்தரையிலோ சாய்வாகப் பட்டால் எகிறித் திசைமாறிப் பாயும். வரப்புதோறும் ஆள் நடமாடும் நம் கிராமங்களில், இரவு நேரத்தில், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ரைபிள் சுடுவது எவ்வாற்றானும் தகாது.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்க் காவலுக்கென்று குறிப்பிடுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. .22 ரைபிளை அது அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் அங்கத்தினர் குறிப் பயிற்சி செய்வதற்கென்று சொல்லுகிறது. துப்பாக்கி லைசென்ஸ் பெற்றிருப்பதனாலேயே வனவிலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நின்ற பயிரை அழிக்கும் விலங்காயினும் அதிகாரம் பெற்ற வன உத்தியோகஸ்தரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். முன்னர் காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்களாகக் குறித்திருந்த அட்டவணையும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வழிசெய்தபோதும், அவ்வேலையை வனத்துறையினரிடமே ஒப்புவித்தது.

அப்படியானால் இந்த ரைபிளால் பயனில்லையோ எனின், அவ்வாறன்று. குறிப் பயிற்சி கண்ணுக்கும் கைக்கும் மனத்திற்கும் ஒருங்கே கட்டுப்பாடு தரும் வித்தை. கோலாப்பூர் ஜில்லாவின் காம்பள்வாடி கிராமத்தைச் சேர்ந்த சுவப்னில் குசாலே, 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது இவ்வகைச் சிறு துவார ரைபிளைக் கொண்டே. அப்போட்டியில் பத்து எண்ணுக்குரிய நடுவட்டம் 10.4 மில்லிமீட்டரே.

சங்கத்தில் சேர்ந்து ரைபிள் வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

(1) கைத்தாழ், அதாவது போல்ட் உள்ள ரைபிளே பழகுவோர்க்கு ஏற்றது. தாழைக் கழற்றினால் குழல் காலியாயிருப்பது கண்ணுக்குத் தெரியும்; குழலைப் பின்பக்கமிருந்து துடைக்கலாம்; தாழை வேறிடத்தில் பூட்டியும் வைக்கலாம்.

(2) கட்டை ஆளுக்குப் பொருந்த வேண்டும். அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் விசையை இயல்பாக எட்டவேண்டும். சிறுவனுக்குத் தகப்பனின் கட்டை உதவாது. இடக்கைப் பழக்கமுள்ளவர் இடப்புறத் தாழைத் தேடுக.

(3) போட்டி ரைபிள் 8 கிலோ வரை இருக்கலாம். புதியவருக்கு 3 கிலோ அளவில் போதும்.

(4) விசை இழுபடாமல் ஒரே சீராக விடவேண்டும். அதை அரத்தால் ராவித் திருத்துவது பெருந்தவறு.

(5) பழைய ரைபிளாயின் குழலுக்குள் வெளிச்சம் விட்டுத் துருக்குழி உண்டா என்றும், குழல்வாய் விளிம்பு நசுங்கியுள்ளதா என்றும் பார்க்க. பின்பு இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை ஐந்தைந்தாக 50 மீட்டரில் சுட்டு, எவ்வகை நெருங்கி விழுகிறதென அறிக. ஒரு குழலுக்கு ஒத்தது மற்றொன்றுக்கு ஒவ்வாது.

(6) இத்தோட்டாவுக்கு மருந்து வெடிப்பது விளிம்பில் அடிபடுவதால். ஆகவே வெறுங்குழலில் விசையை இழுத்துப் பழகினால் சில ரைபிள்களில் ஊசி குழலின் விளிம்பைச் சிதைக்கும். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாவை வைத்துப் பழகுதல் நலம்.

தூரக்கண்ணாடிக்கு முதலிலேயே பணம் செலவிடுவது வீண். ஒரு வருஷம் இரும்புக் குறியில் பழகியவனே கண்ணாடியின் பயனை அறிவான்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் கடமை உண்டு. பயிர்க் காவல் என்று சொல்லி .22 ரைபிள் கேட்பவரிடம் சட்ட நிலையை முன்னதாகவே தெளிவாய்ச் சொல்லிவிடுதல் வேண்டும். பயிர்ச்சேதம் நேர்ந்தால் தாமதமின்றிப் பார்வையிட்டு, அளவைக் குறித்து, வனத்துறைக்கு அறிவிப்பதே குடியானவருக்குச் செய்யும் மெய்யான உதவி. வயலுக்கு வேலியும் கூட்டுக் காவலும், ரைபிளுக்குக் குறிமேடும் என்று இரண்டையும் பிரித்து வைப்பாராயின், பயிரும் பிழைக்கும், ஆளும் பிழைப்பர்.