காணி விற்று ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

"வெளிநாடு போய் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பழுதான சிறுநீரகம் திரும்ப வேலை செய்யுமாமே?" இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு, மூன்று தடவை வைத்தியசாலைக்கு அலையும் குடும்பங்கள். ஷெல் துண்டு முள்ளந்தண்டைத் தாக்கி இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களின் வீடுகளிலும் இதே எதிர்பார்ப்பு இருக்கிறது. காணியை ஈடு வைத்தோ, புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்டோ பணம் சேர்க்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆகவே இந்த விஞ்ஞானம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள அவுஸ்திரேலிய விஞ்ஞானி மெலிசா லிட்டிலின் ஆய்வுகள் உதவும். அவருடைய ஆரம்பகால ஆய்வு, சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் 'வில்ம்ஸ் கட்டி' என்ற புற்றுநோய் பற்றியது. கருவில் சிறுநீரகத்தை உருவாக்கும் கலங்கள் முதிர்ந்து தம் வேலையை முடிக்க வேண்டும். அப்படி முதிராமல் பெருகிக்கொண்டே போனால் அது கட்டியாகிறது. உறுப்பை ஆக்கும் ஆற்றலும் புற்றுநோயாகும் ஆபத்தும் அருகருகே இருக்கின்றன என்பதே இதிலுள்ள பாடம்.

மனிதச் சிறுநீரகம் ஒன்றில் சராசரியாக 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவையெல்லாம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் லிட்டிலின் குழு வேறு வழியை நாடியது. மனித ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வுகூடத் தட்டில் ஒரு 'சிறுநீரகக் குறுவடிவத்தை' வளர்த்து 2015 இல் வெளியிட்டது. உலகச் செய்திகளில் அது பெரிதாக வந்தது. ஆனால் அது சில மில்லிமீற்றர் அளவானது. முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்தது. சிறுநீர் வெளியேற அதில் வழியில்லை. நோய்களை ஆராயவும், மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்குமா எனப் பார்க்கவும் அது உதவுகிறது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாற்றின் சிறுநீரகக் கலங்களைச் சேதப்படுத்துவதை அந்தக் குறுவடிவத்திலேயே காட்டினார்கள். நோயாளியின் உடலில் பொருத்தும் கட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை.

ஏன் இந்த நிதானம்? 2006 இல் யப்பானின் ஷின்யா யமனாகா சாதாரண கலங்களை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பப் பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் ஒன்று, புற்றுநோயுடன் தொடர்புடையது. பெருகும் கலத்தை உடலில் விட்டபின் திரும்ப எடுக்க முடியாது.

அவசரத்தின் விளைவுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தாய்லாந்தில் தனியார் சிகிச்சை நிலையமொன்றில் ஒரு பெண்ணின் சிறுநீரகங்களில் அவருடைய சொந்த ஸ்டெம் செல்களே செலுத்தப்பட்டன. அங்கே அசாதாரணத் திசுத் திரள்கள் வளர்ந்தன. ஒரு சிறுநீரகத்தை அகற்ற நேர்ந்தது. இது 2010 இல் வெளியானது. போர்த்துக்கலில் மூக்கின் உட்சவ்வுக் கலங்களை முள்ளந்தண்டில் வைத்துக்கொண்ட பெண்ணுக்கு, 8 வருடங்களின் பின் அதே இடத்தில் திரள் ஒன்று வளர்ந்திருந்தது. "உங்கள் சொந்தக் கலம்தானே, ஆபத்தில்லை" என்ற விளம்பர வாசகம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு இவை போதும்.

ஸ்டெம் செல் சிகிச்சை முழுவதும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. குருதிப் புற்றுநோய்க்கான எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பல தசாப்தங்களாக உயிர்களைக் காக்கிறது. ஆனால் செயலிழந்த சிறுநீரகத்தையோ அறுபட்ட முண்ணாணையோ மீட்கும் வழமையான ஊசி இன்று கிடையாது.

வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் காரணம் துலங்காத சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. போர் விட்டுச்சென்ற காயங்களும் இருக்கின்றன. இப்படியான இடத்துக்கு நம்பிக்கை விற்பவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஊசியில் இருப்பது என்ன, யாருடைய கலம்? இது பதிவுசெய்யப்பட்ட பரிசோதனையா? பரிசோதனை என்றால் எங்களிடம் ஏன் பணம்? ஐந்து வருடத்தின் பின் கட்டி வந்தால் பொறுப்பு யார்? பதில்களை எழுத்தில் வாங்கி, உங்களைப் பார்க்கும் சிறுநீரக வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை காணி உறுதியை வெளியே எடுக்க வேண்டாம்.