மறுகன்னம் காட்டுறவங்க கோழையா?



வகுப்பில் யாராவது சண்டைக்கு வந்து, நான் திருப்பித் திட்டாமல் இருந்தால் உடனே ஒரு கிண்டல் வரும். "நீ வேதக்காரப் புள்ளதானே, இன்னொரு கன்னத்தையும் காட்டு!" சிரிப்பாகத்தான் சொல்றாங்க, எனக்கு வருத்தமில்லை. ஆனால் கோபத்துக்குக் கோபம் காட்டாதவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்ற நினைப்பு அந்தக் கிண்டலுக்குள் இருக்கிறது. அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒடிசா மாநிலத்தில் (அப்போது ஒரிசா) பாரிபதா என்ற ஊரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்தார். 1965-ல் இந்தியாவுக்கு வந்தவர். 1999 ஜனவரி 22 இரவு மனோகர்பூர் கிராமத்தில் அவரும், மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் வந்து தீ வைத்தது. மூன்று பேரும் வெந்து இறந்துபோனார்கள். பிலிப்புக்கு வயது 10. திமோத்திக்கு 6, நம்ம ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க வயசு. வீட்டில் மிஞ்சியது மனைவி கிளாடிசும் மகள் எஸ்தரும்தான். எஸ்தருக்கு அப்போது 13 வயது, இப்போதைய என்னைவிட ஒரு வயது குறைவு.

நாடே கொதித்துப்போயிருந்த நேரம் அது. கிளாடிஸ் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது ஊர் ஊராகப் பரவியிருக்கும். அவரோ, மன்னித்துவிட்டேன், எனக்கு வெறுப்பில்லை என்றார். அதற்குக் காரணமாக அவர் சொன்னது தன் விசுவாசத்தைத்தான். விசாரணைக் குழு முன்பும், கொன்றவர்களைத் தண்டிக்கும் எண்ணம் எனக்கில்லை, அவர்கள் மனம் திருந்த வேண்டும் என்றே எழுதிக் கொடுத்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பிவிடவும் இல்லை. அதே பாரிபதாவில் அதே நோயாளிகளோடு 2004 வரை இருந்தார். அந்த ஆண்டு கணவர் பெயரில் அங்கே ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். 2005-ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-ல் தண்டனை விதித்தார்கள். முக்கியக் குற்றவாளியின் தூக்குத் தண்டனையை 2005-ல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாக மாற்றியது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மன்னிப்பு அவர் மனசு, தண்டனை கோர்ட்டு வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

பொறுமை எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்லவில்லை. நம்ம மலை மேல் ஏழடிப்பட்டத்தில் கல்படுக்கையில் படுத்த சமணத் துறவிகள் ஓர் உயிருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்று வாழ்ந்தவர்கள். திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நம் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குவதுதான் அடக்கம், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அதன் முதல் குறளின் கருத்து. கிளாடிசின் கோபம் கட்டாயம் பலித்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில்தான் அவர் அடக்கினார்.

ஆனால் நம்ம பக்கம் பொறுமையை யாரிடம் சொல்றாங்க? பொம்பளப் புள்ளைங்ககிட்டதான். அண்ணன் சோத்துத் தட்டை விட்டெறிஞ்சா, "ஆம்பளப் புள்ள, கோவம் வரத்தான் செய்யும்." தங்கச்சி முறைச்சா, "இம்புட்டு ஆங்காரம் ஆகாதுடி." குடித்துவிட்டு அடிக்கிறவனை விட்டுவிட்டு, அடி வாங்குகிற அக்காவிடம் போய், "பொறுத்துப் போ, சாமி பார்த்துக்கும்" என்கிறார்கள். அதை விசுவாசம் என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். கை ஓங்கக் கூடியவருக்குத்தான் பொறுமையை முதலில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, பிரம்பு வைத்திருக்கிறவர்களுக்கு. (சார், டீச்சர், கோவிச்சுக்காதீங்க!)

மறுகன்னம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை யாரும் கிண்டலுக்குக்கூடச் சொல்வதில்லை. தலைமைக் குருவின் முன்னால் இயேசுவைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற காவலன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. நான் சொன்னதில் என்ன தவறு, தவறில்லையென்றால் ஏன் அடித்தாய் என்று நிதானமாகக் கேட்கிறார். சாந்தம் என்றால் எனக்கு இதுதான். "ஏன் அடிச்சே?" என்று குரலை உயர்த்தாமல் கேட்கலாம். அதே நிதானத்தோடு, அடிபடுகிற அந்த அக்கா 181-க்குப் ஃபோனும் போடலாம்.

இதற்கு மறுப்பு இருப்பவர்கள் அடுத்த தாளில் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, முழுசாப் படிச்சிட்டுத்தான் பதில் எழுதுவேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி