அறிவிக்க வேண்டியது கடியையா, பல்தடத்தையா?

பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பிறப்பித்த ஆணையை இவ்விதழ் முழுமனதாக வரவேற்கிறது. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் இனிக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அதே மாதக் கடைசியில் ஒன்றிய சுகாதார அமைச்சகமும் எல்லா மாநிலங்களையும் இதையே செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்கத் தேசியச் செயல்திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. முழுக்கணக்கு தெரியாமல் பாதியை எங்கிருந்து கண்டுபிடிப்பது? "இருக்கிற படிவங்கள் போதாதென்று இன்னொன்றா?" என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு நம் பதில் சுருக்கமானது: ஆமாம், இன்னொன்று. நிரப்புங்கள்.

நம் கவலை வேறு. ஆணை 'பாம்புக்கடி' என்கிறது. கேஷுவாலிட்டியில் வந்து படுப்பவருக்கு நேர்ந்தது பாம்புக்கடிதான் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கையில் பாம்போடு வருபவரைப் பற்றிப் பேச்சில்லை. மற்ற எல்லோருக்கும் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். இரண்டு புள்ளி தெரிந்தால் 'ஸ்நேக் பைட்'. தெரியாவிட்டால் 'அன்நோன் பைட், நோ ஃபேங் மார்க்ஸ்'. பிறகு ஒரு டி.டி., ஒரு அவில், வீட்டுக்கு. அன்நோன் பைட் பாம்புக்கடியாக அறிவிக்கப்படப் போவதில்லை. அப்படியானால் நாம் எண்ணப்போவது கடிகளை அல்ல, பல்தடங்களை.

இந்தப் பல்தட நம்பிக்கையின் வேரைப் பார்க்க வேண்டுமானால் பவளப் பாம்பைப் பற்றி மருத்துவர்களிடமே புழங்கும் பேச்சைக் கேட்டால் போதும். "அதுக்குப் பல் தொண்டைக்குள்ள இருக்கு. வாய் சின்னது, விரலிடுக்கைத் தவிர வேற எங்கயும் கவ்வ முடியாது. கவ்வினாலும் மென்னாத்தான் விஷம் இறங்கும்." பயிற்சி மருத்துவர் முதல் பேராசிரியர் வரை சொல்லும் இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட அப்படியே நிற்காது.

முதலில் பல். பவளப் பாம்புகள் எலாபிடே குடும்பம். நாகமும் கட்டுவிரியனும் அதே குடும்பம். பல்லின் அமைப்பும் அதுவேதான். பதப்படுத்திய மெல்லிய பவளப் பாம்பு (காலியோஃபிஸ் மெலனூரஸ்) ஒன்றின் வாயை நுண் இடுக்கியால் திறந்து பாருங்கள். கரிய தலை, பென்சிலைவிட மெல்லிய உடல், வாலில் இரண்டு கருவளையங்கள். தொண்டைப்பக்கம் தேடினால் எதுவும் கிடைக்காது. மேல்தாடையின் முன்முனையில், ஈறுச் சதையின் உறைக்குள் மூடியிருக்கிறது நச்சுப்பல். உறையைப் பின்னுக்குத் தள்ளி, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வெளியே தெரியும். இத்தனை சிறிய பல் முன்னால் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் பின்னால் இருக்கிறது என்ற கதை நிலைத்துவிட்டது. பின்பல் உள்ள பாம்பு வேண்டுமானால் பச்சைப் பாம்பைப் பாருங்கள். பவளப் பாம்பு அந்த வகை அல்ல.

பல் ஏன் இவ்வளவு குட்டை? கண்ணாடி விரியனின் மேல்தாடை எலும்பு சுழலும். வாயை மூடும்போது பல் மடிந்து மேலண்ணத்தோடு படுத்துக்கொள்ளும். அதனால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் வளர அதற்கு இடமுண்டு. எலாபிடே பாம்பின் பல் நிலையாக நிற்பது, மடியாது. வாய் மூடும்போது கீழ்த்தாடைக்குள் அடங்கும் அளவுக்கு மேல் அது வளர முடியாது. கட்டுவிரியனுக்குச் சில மில்லிமீட்டர். பவளப் பாம்புக்கு அதனினும் குறைவு. விஷத்தின் வீரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தாடையின் கணக்கு.

அடுத்தது மெல்லுதல். நச்சுப்பை தானாகச் சொட்டுவதல்ல. தாடை மூடும் தசை அதை அழுத்துகிறது, அழுத்தத்தில் விஷம் பல்லின் உட்குழாய் வழியே இறங்குகிறது. பிடி நீண்டால் அளவு கூடலாம். அதற்காக, உதறி எறிந்துவிட்டவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நீலப் பவளப் பாம்பின் (காலியோஃபிஸ் பைவிர்கேட்டஸ்) நச்சுச்சுரப்பி தலையோடு நிற்பதில்லை. உடலுக்குள் நெடுந்தூரம் நீண்டு கிடக்கிறது. அதன் விஷத்திலுள்ள காலியோடாக்சின் சோடியக் கால்வாய்களை மூடவிடாமல் செய்கிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் கடியால் மனிதர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. 'வாய் சின்னது' என்ற ஆறுதல் அங்கே எடுபடாது.

மெல்லும் கதை நமக்கு வந்தது அமெரிக்க நூல்களின் மைக்ரூரஸ் (அந்நாட்டுப் பவளப் பாம்பு) அத்தியாயங்களிலிருந்து. அங்கேயே அது கைவிடப்பட்டுவிட்டது. ஃபுளோரிடாவில் 2006இல் ஒருவர் பவளப் பாம்புக் கடியால் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அந்நாட்டில் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் இறப்பு அதுதான். நரம்புக் குறிகள் பல மணி நேரம் தாமதித்து வரலாம் என்பதால், பல்தடம் தெரியாதவரையும் ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பது அங்கே வழக்கம். நாம் நூலின் பழைய பதிப்பைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் மெல்லிய பவளப் பாம்பைப் பூச்சாண்டி ஆக்குவது நம் நோக்கமில்லை. மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் மறைந்து வாழும் உயிர் அது, கடிப்பதே அரிது, கடித்த இடத்தில் வீக்கத்துக்கு மேல் பெரிதாக எதுவும் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. அதற்காக ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறி மருந்து) குப்பிகளை உடைக்கவும் வேண்டாம். நம் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பதும் அந்த நான்கின் விஷம்தான். பவளப் பாம்புக் கடிக்கு வேண்டியது கண்காணிப்பும், தேவைப்பட்டால் மூச்சுக்கான துணையும் மட்டுமே.

ஆனால் பவளப் பாம்பை வைத்துக் கற்ற பாடத்தைக் கட்டுவிரியனிடம் கொண்டுபோகும்போதுதான் ஆள் சாகிறார். 'சின்னப் பல், தடமில்லை, ஆகவே கடியில்லை' என்ற அதே தர்க்கம்.

கேஷுவாலிட்டி பார்த்த எவருக்கும் தெரிந்த கேஸ் இது. விடிகாலை நாலு மணி. தரையில் பாய் விரித்துப் படுத்தவர். வயிற்று வலி, ஒருமுறை வாந்தி. பான்டாபிரசோல் ஊசி, ஒரு பாட்டில் சலைன், ஓரத்துக் கட்டில். ஆறு மணிக்குக் "கண்ணைத் திறக்க முடியல" என்கிறார். தூக்கக் கலக்கம் என்கிறோம். ஏழு மணிக்கு எச்சில் வாயோரம் வழிகிறது, கழுத்து நிற்கவில்லை. இப்போது ஒருவருக்குப் பாம்பு நினைவு வருகிறது. சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடுகிறார்கள்; ஒரு கீறல்கூட இல்லை. 'நோ ஹெச்/ஓ பைட், நோ ஃபேங் மார்க்ஸ்' என்று எழுதி, பக்கவாதமோ ஜி.பி.எஸ்ஸோ (கிய்யான்-பாரே நோய்) என்று ரெஃபர். கட்டுவிரியனின் விஷம் நரம்பு முனையையே சிதைப்பது. சிதைந்த பிறகு ஏ.எஸ்.வி. அதைத் திருப்பித் தராது. அந்த மூன்று மணி நேரத்துக்கு வென்டிலேட்டரில் பல நாள் விலை கொடுக்க வேண்டும், வென்டிலேட்டர் கிடைத்தால். கண்மணி விரிந்து அசையாமல் நிற்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று கைவிடும் ஆபத்து அதற்கும் மேல்.

இப்போது சொல்லுங்கள்: இந்த நோயாளி வழியிலேயே இறந்தால் எந்தப் பதிவேட்டில் ஏறுவார்? 2024 ஜூன் வரையிலான அரை ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அரசுப் பதிவில் உள்ளவை சுமார் 7,300 கடிகள், 13 இறப்புகள். இந்தியா முழுமைக்கும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 இறப்புகள் என்கிறது மில்லியன் டெத் ஸ்டடி. நம் மாநிலம் மிக அதிகப் பாதிப்புள்ளவற்றின் வரிசையில் இல்லைதான். இருந்தும் அரை ஆண்டுக்குப் பதின்மூன்று என்பதை இத்துறையில் இருக்கும் எவராவது நம்புவாரா? அந்த ஆய்வு மரணத்தை வீட்டில் விசாரித்துக் கணக்கெடுத்தது. பெரும்பாலான இறப்புகள் மருத்துவமனைக்கு வெளியே நடந்ததையும் அந்த முறைதான் காட்டியது. நாமோ கட்டில்வரை வந்து சேர்ந்தவரையும் தடம் இல்லை என்று தள்ளிவிடுகிறோம்.

இதை இவ்விதழ் இன்று புதிதாகச் சொல்லவில்லை. பல காலமாகச் சொல்லிவருகிறோம். பதில்தான் வரவில்லை. சுகாதார நிலையச் சுவர்களில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது: இடப்பக்கம் இரண்டு புள்ளி, 'விஷமுள்ளது', வலப்பக்கம் லாட வடிவில் பல்வரிசை, 'விஷமற்றது'. ஓட்டு வீட்டுச் சுவரில் பல்லி தேடும் ஓநாய்ப் பாம்புக்கு முன்பற்கள் நீளம். விஷமே இல்லாத அது இரண்டு புள்ளி வைக்கலாம். நச்சுப்பல் விழுந்து முளைப்பது. மாற்றுப்பல் பக்கத்திலேயே வளர்வதால் நாகத்தின் கடியில் ஒரு புள்ளியும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். வருபவரின் கால் சும்மா வருகிறதா? சுண்ணாம்பு, மஞ்சள், பிளேடு கீறல், இறுகக் கட்டிய கயிற்றின் வீக்கம், இத்தனைக்கும் அடியில் எந்தப் புள்ளியை எண்ணுவது? ஆணை வந்த பிறகு நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்திலும் அதே படம் ஸ்லைடாக வந்தது. எழுந்து ஆட்சேபித்த மருத்துவருக்குக் கிடைத்த பதில்: "சார், மேலிருந்து வந்த மெட்டீரியல்."

மேலே இருப்பவர்களுக்கு நாம் கேட்பது இதுதான். பாம்புக்கடி நோய் என்று அறிவித்தவர்கள் அந்த நோய்க்கு வரையறை கொடுக்க ஏன் தயங்குகிறீர்கள்? டெங்குவுக்குச் 'சந்தேகத்துக்குரியது', 'சாத்தியமானது', 'உறுதியானது' என்று படிநிலை உண்டு. கொசு கடித்த தடத்தைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பாம்புக்கு மட்டும் ஏன் தோலில் சாட்சி தேடுகிறீர்கள்? பிணக்கூறாய்வில் 'பல்தடம் காணப்படவில்லை' என்ற ஒரு வரியை வைத்துக் காப்பீடும் நிவாரணமும் மறுக்கப்பட்டு அலையும் குடும்பங்களை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்த வரியை எழுதுவது நாம். எழுதச் சொல்லிக் கற்பித்தது யார்?

இதழின் நிலைப்பாடு இது. பல்தடம் துணைக் குறிப்பாக மட்டும் இருக்கட்டும். அது இல்லாததைக் கடியை மறுக்கும் காரணமாக்கக் கூடாது. தரையில் உறங்கியவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியோடு இமைத் தொய்வு வந்தால், பாம்பைக் காணாவிட்டாலும் அது சந்தேகக் கட்டுவிரியன் கடியாகச் சிகிச்சை பெற வேண்டும், அறிவிக்கப்படவும் வேண்டும். கடி என்று சொல்லி வரும் எவரும் தடம் இல்லை என்ற காரணத்துக்காக 24 மணி நேரத்துக்குள் அனுப்பப்படக் கூடாது. இமை, கழுத்து, ஒற்றை மூச்சில் எண்ணும் எண்ணிக்கை ஆகியவற்றை மணிக்கொருமுறை கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இயல்பாக இருப்பது நரம்பு விஷத்தை விலக்காது. சுவரில் உள்ள படத்தைக் கழற்ற அரசாணை தேவையில்லை.

வரையறை வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அன்நோன் பைட்' என்று எழுத நேர்ந்த கேஸ்களில் நரம்புக் குறி ஒன்றாவது இருந்தால், அதையும் பாம்புக்கடியென அறிவியுங்கள். ஏன் அனுப்பினீர்கள் என்று மேலிருந்து கேள்வி வந்தால், அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள், நகலை நமக்கு அனுப்புங்கள். இவ்விதழில் அச்சிடுகிறோம்.