சுட்டும் சுட்டியும்: ஓர் ஒப்புமைக்கு மறுப்பு

சி நிரல்மொழியில் நினைவக முகவரியைத் தாங்கும் மாறியைச் ‘சுட்டி’ என வழங்குகிறோம். தொல்காப்பியர் கூறும் சுட்டே இது. ஆதலின் இலக்கணம் கற்றார்க்கு இக்கருத்துத் தானே விளங்கும் என வாதிடுவோர் உளர். இவ்வொப்புமை கேட்க இனியது, ஆய்வுக்கு நில்லாது.

அ, இ, உ என்னும் சுட்டுகள் சேய்மை, அண்மை, இடைமை உணர்த்துவன. அவற்றின் பொருள் பேசுவோன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒருவனுக்கு ‘இம்மரம்’ ஆவது மற்றொருவனுக்கு ‘அம்மரம்’. சி மொழிச் சுட்டிக்குச் சேய்மையும் அண்மையும் இல்லை. அது மதிப்பொன்றைக் கொண்ட கலம். 1000 என்னும் முகவரியில் 25 இருப்பின், சுட்டியில் இருப்பது 1000, 25 அன்று. அச்சுட்டிக்கும் தனி முகவரி உண்டு. எனவே அதனைச் சுட்டும் வேறொரு சுட்டியும் அமையும். 4 பைட்டு அளவுள்ள முழு எண்களின் வரிசையில் முதலெண்ணைச் சுட்டுவதனோடு 1 கூட்டினால் கிடைப்பது 1001 அன்று, 1004. ‘அவன்’ என்பதனோடு எதனைக் கூட்டுவது?

ஓரிடத்தில் ஒப்புமை உண்டு. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருங்கால் சுட்டுப்பெயரை முற்படக் கூறலாகாது என்பது கிளவியாக்க விதி. சுட்டியும் முகவரி பெற்ற பின்னரே பயன்கொள்ளத்தக்கது. ஆயின் வேறுபாடும் இங்கேயே வெளிப்படுகிறது. செய்யுளில் சுட்டுப்பெயர் முற்படலாம் எனத் தொல்காப்பியரே இடமளிக்கிறார். கேட்போன் பின்வரும் பெயரால் பொருள் கொள்வான். கணினி அவ்வாறு கொள்ளாது. முகவரி அளிக்கப்பெறாத சுட்டியைப் பயன்படுத்தின் நிரல் முறியலாம். அதனினும் கொடிதாக, பிழைவிடையை மெய்விடைபோல் தரலாம். எதனையும் சுட்டாத வெற்றுச் சுட்டினை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோர், அது தம் நூறு கோடி டாலர் பிழை என 2009இல் தாமே கூறினார்.

அன்றியும், கைக்கடங்கும் சுட்டுங்கருவியையும் இணையத் தொடுப்பையும்கூடச் ‘சுட்டி’ என்றே எழுதுகிறோம். ஒரே துறையில் ஒரு சொல்லுக்கு முப்பொருள் தருவது கலைச்சொல்லாக்கம் ஆகாது. தமிழ்வழிக் கற்கும் மாணவன் முகவரியையும் மதிப்பையும் மயங்கி இடர்ப்படுகிறான்; பழியோ தமிழின்மேல் விழுகிறது.

எனவே கருவிக்குச் ‘சுட்டெலி’, இணைய முகவரிக்குத் ‘தொடுப்பு’ என வரையறுத்து, ‘சுட்டி’யை நிரல்மொழிக்கே உரியதாக்க வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் ஒரு சிறு நிரலையேனும் எழுதி இயக்கிப் பார்த்த பின்னரே தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்தல் தகும்.