மக்கும், ஆனால் எங்கே?

"காய்கறிக் கழிவு எப்படியும் மக்கிப்போகும், குப்பைமேட்டில் மக்கினால் என்ன, வீட்டுத் தொட்டியில் மக்கினால் என்ன?" என்கிறார்கள். மக்கும் என்பது உண்மை. மற்றது பிழை.

முதலில், காற்று. பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிச்சுப் போட்டு வீசிய வாழைப்பழத் தோல், குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைக் கக்குகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததே, அந்தப் புகையைச் சுவாசித்தவர்களிடம் போய் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்வீர்களா?

இரண்டாவது, சாறு. அழுகலிலிருந்து கறுப்பாக வடியும் நீர், பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கிடக்கும் இடுக்குகளில் புகுந்து, அங்குள்ள நஞ்சையும் சேர்த்துக்கொண்டு மண்ணில் இறங்குகிறது. பெருங்குடி மேட்டை ஒட்டி இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

மூன்றாவது, வயல். குப்பைமேட்டில் மக்கியதை உரமாக்கினாலும், கண்ணாடிச் சில்லும் ஊசியும் கலந்த அந்த உரத்தை எந்த விவசாயி கையால் அள்ளுவார்?

"வீட்டில் வைத்தால் நாறுமே?" ஈரம் மிஞ்சினால்தான் நாறும். ஒரு கை கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு போட்டு, அவ்வப்போது கிளறிவிடுங்கள். சில வாரங்களில் தொட்டியைத் திறந்தால் மழை நனைத்த மண்ணின் வாசனைதான் வரும்.