சுற்றும் வட்டம் போதாது... உள்ளே நடப்பதையும் காட்டுங்கள்!

‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. வேலை நடக்குதா, நின்னு போச்சா? தெரியாது. பொறுமை இழந்து பலரும் செயலியை மூடிவிடுகிறார்கள். டெபியன் வகை லினக்ஸில் மென்பொருள் நிறுவும்போது இப்படிப் பாதியில் நிறுத்தினால், அதைச் சரிசெய்யாமல் அடுத்து எதையுமே நிறுவ முடியாமல் போகலாம்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன் வகைதான். டெபியனில் உள்ள சினாப்டிக் செயலியில், நிறுவும்போது ‘விவரங்கள்’ பகுதியைத் திறந்தால் பின்னணிக் கட்டளையின் வரிகள் அப்படியே ஓடும். நல்ல வழக்கம். ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, காத்திருப்பு. கட்டளை முடியும்வரை செயலியின் முதன்மை இழை அதற்காகவே நின்றால், பட்டன்கூட வேலை செய்யாது. விண்டோஸில் 5 விநாடி அசைவில்லை என்றாலே ‘பதிலளிக்கவில்லை’ என்று முத்திரை விழுந்துவிடும். கட்டளையைத் தனியாக ஓடவிட்டு, வரி வரவர வாங்கிக் காட்ட வேண்டும். க்யூட்டியில் உள்ள க்யூபிராசஸ் இதற்கானதுதான்.

இரண்டு, பஃபர். டெர்மினலில் ஒவ்வொரு வரியும் உடனே வரும். அதே கட்டளையை பைப் வழியாக இணைத்தால், லினக்ஸில் பெரும்பாலும் 4,096 பைட் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். ஆள் நிறைஞ்சாதான் கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி! ‘எஸ்டிடிபஃப்’ கட்டளையோ, போலி டெர்மினலோ இதைத் தீர்க்கும்.

‘சாதாரண ஆளுக்கு இந்த வரியெல்லாம் புரியுமா?’ என்று கேட்கலாம். புரிய வேண்டியதில்லை. வரி நகர்ந்தால் வேலை நடக்கிறது என்று தெரியும். பிழை வந்தால் போட்டோ எடுத்து அனுப்பலாம். கடையநல்லூரில் அம்மாவின் கணினி மக்கர் செய்தால், துபாயில் இருக்கும் மகன் வழிசொல்ல அந்த ஒரு வரி போதும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. மேலே எளிய தமிழில் ஒரு வரி. விரும்பினால் திறக்க ‘விவரங்கள்’ பட்டன். கடவுச்சொல் தெரியாதபடி மறைப்பு. இவ்வளவுதான்.

பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. மென்பொருள் எழுதுவது இந்தப் பகுதி இளைஞர்களுக்கு இன்று தூரத்து வேலை இல்லை. நீங்கள் எழுதும் அடுத்த செயலியிலாவது, காத்திருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.