அறுவடைக்கு முன்னால் தோற்றவர்



ஜனவரி 30 நாட்டுக்கெல்லாம் காந்தி நினைவு நாள். நம் கொங்கு நாட்டுக்கு அது இன்னொருவருடைய பிறந்த நாளும்கூட. 1910இல் அதே தேதியில்தான் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் சி. சுப்பிரமணியம் பிறந்தார். சி.எஸ். என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே தெரியும். இளையவர்களில் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்த வருத்தத்தில்தான் இந்தத் தை இதழின் ஆசிரியர் பக்கத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

அன்னூரிலோ கரியாம்பாளையத்திலோ எழுபத்தைந்து வயது தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், மைலோவைப் பற்றிச் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம் அது. சொந்தக் காட்டில் சோளமும் கம்பும் விளைவித்த குடும்பங்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் கன்ட்ரோல் கடை வாசலில் அந்தச் சோளத்துக்கு நின்றன. 1966ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன். அடுத்த கப்பலை விடுவதா வேண்டாமா என்பதை வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன் மாதக் கணக்குப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நாட்டின் உணவு அமைச்சர் நம் சி.எஸ். 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி அந்த இலாகாவை அவரிடம் ஒப்படைத்தபோது, அதைக் கேட்டு வாங்க டெல்லியில் ஆளில்லை. உருக்கு, கனரகத் தொழில் என்று மதிப்பான துறையில் இருந்தவர், மறுக்காமல் இதை ஏற்றார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறந்தது. விளைந்ததற்கு நியாயமான விலை சொல்ல வேளாண் விலைக் குழுவும் அதே ஆண்டில் அமைந்தது. உழுகிறவனுக்குக் கட்டுபடியாகாத வரைக்கும் விளைச்சல் பெருகாது என்பது காட்டில் பிறந்து வளர்ந்த அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வெளிநாட்டு விதையையும் உரத்தையும் கொண்டு விளைச்சலைக் கூட்டும் அவருடைய திட்டத்துக்கு நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே உடன்படவில்லை. அந்நிய விதையை நம்பலாமா, இவ்வளவு உரம் எங்கிருந்து வரும், செலவாகும் அந்நியச் செலாவணிக்கு யார் பதில் சொல்வது என்று நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி. சி.எஸ். வாயால் சொன்ன பதிலைவிட மண்ணில் காட்டிய பதில் பெரியது. டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. நார்மன் போர்லாக், வேளாண் செயலர் பி. சிவராமன், நம் கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆகியோர் அவருக்குத் துணை நின்றார்கள். விஞ்ஞானி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு அவருக்குக் குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்ட அமைச்சர் என்ற பெருமை சி.எஸ்.ஸுக்கு உண்டு. அவர் பொதுவாழ்வில் நாங்கள் மிகவும் மதிப்பது இந்தக் குணத்தைத்தான்.

பிறகு 1967 தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் அரிசிதான் பேச்சு. ரூபாய்க்கு எத்தனை படி என்பதே மேடைக்கு மேடை ஒலித்தது. கோபிச்செட்டிபாளையம் தொகுதியில் நின்ற உணவு அமைச்சர் தோற்றுப்போனார். இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு கொதித்த 1965 பிப்ரவரியில், ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து மத்திய அமைச்சர் பதவியைத் துறக்கக் கடிதம் கொடுத்தவர் அவர். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அந்த விலகலை ஏற்கவில்லை. அதுவும் அவருக்கு வாக்காகவில்லை. மக்களைக் குறை சொல்ல மாட்டோம். பசித்த வயிறு அடுத்த வருட விளைச்சலைக் கணக்கில் வைக்காது.

அடுத்த வருடம் விளைந்தது. 1964–65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967–68இல் 1 கோடியே 65 லட்சம் டன்னானது. பஞ்சாபில் களஞ்சியம் போதாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டையை அடுக்கினார்கள். 1968இல் கோதுமைப் புரட்சி என்று அஞ்சல்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. விதைத்த மனிதர் அப்போது அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை.

தோல்வி அவருக்குப் புதிதுமில்லை. 1954இல் சென்னை மாகாணத்தில் காமராஜரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு, 93க்கு 41 என்று தோற்றார். எதிர்த்து நின்றவரைக் காமராஜர் கூப்பிட்டு நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். சி.எஸ். அந்த மனிதருக்கு எட்டு வருடம் உண்மையாக உழைத்தார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டதும் அந்த ஆண்டுகளில்தான். இருவரில் யாருடைய பெருந்தன்மை பெரியது என்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

சி.எஸ். முன்னின்று கொண்டுவந்த பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தை நினைக்கும்போது அன்னூர்க்காரர்களாகிய நமக்கு ஓர் ஏக்கமும் சேர்ந்தே வரும். 1961 அக்டோபரில் நேரு வந்து தொடங்கிவைத்த திட்டம் அது. கேரளத்தோடு முறையான ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1970இல்தான். இரண்டு மாநிலத்து மனிதர்கள் பேச்சை நம்பி மலையைக் குடைந்தார்கள். பொள்ளாச்சியும் உடுமலையும் பல்லடமும் நனைந்தன. வடக்கே நாமோ ஆயிரம் அடி போர் போட்டும் புழுதியைப் பார்த்தோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,916 கோடி ரூபாயில் முடிந்து, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட 2024 ஆகஸ்ட் 17 வரை காத்திருந்தோம். அறுபது வருடக் கோரிக்கை. இதற்கும் ஒரு சி.எஸ். அன்றே கிடைத்திருக்கக் கூடாதா என்று கேட்காத விவசாயி இந்த வட்டாரத்தில் குறைவு.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட எங்களுக்கு விருப்பமில்லை. அவசரநிலைக் காலத்தில் நிதியமைச்சராக இருந்தார். அதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் உறுத்துகிறது. கிராம வங்கிகள் 1975இல் பிறந்தது அவர் கையால்தான் என்பதும் அதே காலத்துச் செய்தி. பசுமைப் புரட்சி மண்ணையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்று இயற்கை விவசாய நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை வயிறு நிறைந்தபின் கேட்கும் வாய்ப்பைத் தந்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

1998இல் பாரத ரத்னா வந்தது. அதற்குப் பிறகும் ஓயாமல், தொண்ணூறு வயதில் தேசிய வேளாண் அறக்கட்டளையைத் தொடங்கி மறுபடி விவசாயியிடமே போனார். அதே 2000ஆம் ஆண்டு நவம்பர் 7இல் காலமானார். இளமையில் பெரியசாமித் தூரன் முதலிய நண்பர்களோடு சேர்ந்து ‘பித்தன்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தியவர் என்பதால், பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு அவரிடம் தனி உரிமை உண்டு.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். பஞ்சாயத்துத் தலைவராகவோ சொசைட்டித் தலைவராகவோ இருந்து, குளம் வெட்டி, பள்ளிக்கூடத்துக்கு இடம் வாங்கிக் கொடுத்து, அடுத்த தேர்தலில் தோற்றும் போயிருக்கலாம். அவரைப் பற்றி இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். கட்சி பார்க்க மாட்டோம். எழுத்து வராது என்று தயங்கும் பெரியவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக் கொடுங்கள். பழைய போட்டோ இருந்தால் கூடவே வையுங்கள், பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். மாசி இதழிலிருந்து வரிசையாக வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்